விடுமுறை அறிவிப்போடு கடமை முடிந்துவிடாது: மழைக்காலத்துக்கு முன் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட நிர்வாகத்திலும் பள்ளிக் கல்வியிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாட்டுக் கூட்டம் எங்கள் பகுதியில் நடந்தது. பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தார்கள். மணல் மூட்டை எத்தனை, படகு எங்கே நிற்கும், மரம் அறுக்கும் இயந்திரம் யாரிடம் இருக்கிறது, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவது யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்கள். எல்லாம் வேண்டியவைதான். எங்கள் ஊர்ப் பள்ளியின் பெயரும் பட்டியலில் வந்தது, நிவாரண முகாம் என்ற தலைப்பின் கீழ். பள்ளிக்கூடம் முகாமாகிவிட்டால் பிள்ளைகளின் படிப்புக்கு என்ன ஏற்பாடு என்று எழுந்து கேட்டேன். "டீச்சர்கள் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பிவிடுவார்கள், விட்ட நாளைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டிக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. உடனே அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிட்டோம். டிசம்பர் 2 அதிகாலையில், எங்கள் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஆறு கரையை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. பெட்டி படுக்கையை எடுக்க நேரமில்லை. பிள்ளைகளையும் கிழவிகளையும் கைப்பிடித்து மேட்டுக்கு ஏறியதோடு சரி.

தண்ணீர் வடிந்த பிறகு ஊர் முழுக்கப் பெண்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று புத்தகங்களைக் காயவைத்தது. இதை எந்தச் சேதக் கணக்கிலும் நான் பார்க்கவில்லை. சேற்றுத் தண்ணீரில் ஊறிய பாடப்புத்தகம் வெயிலில் அப்படியே வைத்தால் செங்கல்போல ஒட்டிக்கொள்ளும். அதனால் பக்கத்துக்குப் பக்கம் ஈர்க்குச்சியைச் செருகி, நிழலில் வைத்து, அடிக்கடி திருப்பிவிட வேண்டும். என் பக்கத்து வீட்டுப் பெண் நாற்று நடவுக்குப் போகிறவர்; கையெழுத்தைத் தவிர வேறு எழுதத் தெரியாதவர். தன் மகளின் நான்காம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை அவர் இப்படித்தான் காப்பாற்றினார். அட்டை போய்விட்டது, முன்பக்கம் நான்கைந்து தாள்கள் கிழிந்துவிட்டன, மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டது. படிப்பின்மேல் அக்கறையில்லாத பெற்றோர் என்று எங்களைப் பற்றிக் கூட்டங்களில் பேசுகிறவர்கள் அந்தப் புத்தகத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். அரசு பிறகு புதுப் புத்தகம் கொடுத்தது, மறுக்கவில்லை. இடைப்பட்ட நாட்களில் அந்தப் பிள்ளையின் கையில் இருந்தது அம்மா உலர்த்திய அந்தப் புத்தகம் மட்டும்தான்.

அதே நாட்களில் எங்கள் வகுப்புக் குழுக்களுக்கு வாட்ஸ்அப்பில் பாடக் காணொளிகளும் பயிற்சித்தாள்களும் அனுப்பப்பட்டன. அனுப்பிய ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. அவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது, மேலிடம் கேட்ட அறிக்கைக்காக அவர் அனுப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் இங்கே மின்சாரம் இல்லை. செல்பேசிக் கோபுரம் வேலை செய்யவில்லை. பாதி வீடுகளில் போனே சேற்றில் போய்விட்டது. டிராக்டர் பேட்டரியில் வயர் போட்டு ஊரே முறை வைத்து சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தோம், அதுவும் சென்னையிலும் பெங்களூரிலும் கட்டட வேலையில் இருக்கும் ஆண்களுக்கு "உயிரோடு இருக்கிறோம்" என்று சொல்வதற்காக. அந்த நிலையில் பாடக் காணொளி யாருக்காக வந்தது? அறிக்கையில் "அனுப்பப்பட்டது" என்று ஒரு கட்டம் நிரம்பியிருக்கும். பிள்ளைகளுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

இது நமக்குப் புதிய பாடமும் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் கதவு திறந்தது. ஒன்றரை ஆண்டுக்கும் மேல். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, நல்ல நிகழ்ச்சிகளும் வந்தன. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பெட்டியைப் பார்த்து எழுத்துக் கற்காது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கையைப் பிடிக்க வேண்டும். போன் இருந்த வீட்டிலும் அது அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்பியது. இணைய வகுப்பு நடந்ததோ பகலில். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு போன் யாருக்கு என்ற சண்டையில் பெரும்பாலும் பையன்தான் ஜெயித்தான். என் கண்ணெதிரே எட்டாம் வகுப்புப் பையன்கள் கரும்பு வெட்டப் போனார்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளைக்கு, "சும்மாதானே வீட்டில் இருக்கிறாள்" என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். தடுத்து நிறுத்த ஊரில் நான்கு பெண்கள் வாசலில் போய் உட்கார வேண்டியிருந்தது.

அந்த இழப்பு ஏட்டிலும் பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்பில் படித்தவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்க முடிந்தவர்கள் 2018-இல் 10.2 விழுக்காடு, 2022-இல் 4.8 விழுக்காடு. இது ஏசர் (ASER) ஆய்வின் கணக்கு; கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் ஆய்வு அது. அந்த ஆய்வோடு கருத்து வேறுபாடு கொள்கிறவர்கள் உண்டு. கொரோனாவில் விட்ட படிப்பை ஈடுகட்ட அரசு நடத்திய மாலை வகுப்பான இல்லம் தேடிக் கல்வி மையத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்த எனக்கு அந்த எண் வியப்பளிக்கவில்லை. மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளை "ப"வையும் "ம"வையும் பார்த்துத் திகைத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, நாம் சரியாகச் செய்த ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடலே.

2021 அக்டோபர் 27 அன்று இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. ஊர் ஊராகப் பறையடித்துக் கலைக்குழுக்கள் வந்தன. பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னைப் போன்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தோம். மாலை ஐந்து மணிக்கு மேல் கோயில் மண்டபத்திலும் திண்ணையிலும் பாய் விரித்து வகுப்பு. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பெரிய தொகை இல்லை; ஆனாலும் ஊரில் "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள், அது போதுமாக இருந்தது. தாய்மார் வேலை முடிந்து வரும் வழியில் மண்டபத்து ஓரமாக நின்று கேட்டார்கள். சிலர் பிள்ளையை அழைக்க வந்தவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தே விட்டார்கள். அங்கே கற்ற பாட்டை வீட்டில் சமைக்கும்போது பிள்ளையோடு சேர்ந்து பாடினார்கள். வீடு படிக்கத் தொடங்கியதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

இது என் ஊர்ப் பெருமை மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்களில் பல்லாயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். கொரோனாவில் இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்து ஆறே மாதத்தில் திரும்பிவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கண்டார்கள். மாதம் ஆயிரம் ரூபாயும், ஒரு பாயும், பக்கத்துத் தெருப் பெண்ணும் சேர்ந்து சாதித்தது அது. அந்தப் பெண்கள் இன்னும் அதே தெருக்களில்தான் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த மையம் இப்போது இல்லை. வெள்ளம் வந்தபோது எங்களில் ஒருவரைக்கூட யாரும் கூப்பிடவில்லை. படகோட்டியின் எண் உங்கள் பட்டியலில் இருக்கிறது. எங்கள் எண் இல்லை.

யாரும் கூப்பிடாமலே நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முகாமில் மூன்றாம் நாள் பிள்ளைகள் சலித்துப்போய் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டியை நடுவில் உட்காரவைத்து, அவர் சிறுமியாக இருந்தபோது ஆற்றில் வந்த வெள்ளத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னோம். ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அதை நிவாரண மூட்டையோடு வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் உட்புறத்தில் எழுதினார்கள். சின்னப் பிள்ளைகள் அரிசி மூட்டையில் அச்சாகியிருந்த எழுத்துகளைத் தேடித் தேடி வாசித்தார்கள். வீடு திரும்பிய பிறகு, சுவரில் சேறு விட்டுப்போன கோடு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வரச் சொன்னோம். ஸ்கேல் இல்லாதவர்கள் சாணால் அளந்தார்கள். எந்த வீட்டில் அதிகம், எந்தத் தெரு பள்ளம் என்று அவர்களாகவே பேசிக்கொண்டார்கள். அதில் கணக்கும் இருந்தது, புவியியலும் இருந்தது. அதைவிட முக்கியமாக, இரவில் மழைச் சத்தம் கேட்டால் அழுதுகொண்டிருந்த பிள்ளை, தான் அளந்த அந்தத் தண்ணீரைப் பற்றி வாய்திறந்து பேசியது. நோட்டும் பென்சிலும் மட்டும் கிடைத்திருந்தால் இன்னும் எவ்வளவோ செய்திருப்போம்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய் வீட்டில் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுத்துவிட முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு விடை அரசிடமே இருக்கிறது. பள்ளிகள் மூடியிருக்கும் காலத்தில் பெற்றோர் வீட்டில் எப்படித் துணை நிற்பது என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2021 ஜூனில் வழிகாட்டு நெறிமுறைகளே வெளியிட்டது. படிப்பறிவு குறைந்த பெற்றோருக்கு எப்படி உதவுவது என்றும், சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளின் வீடுகளுக்கு என்ன செய்வது என்றும் அதில் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு பெற்றோர்கூட அதைப் பார்த்ததில்லை. மேலாண்மைக் குழுக் கூட்டங்களிலும் அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. எழுதிவைத்த தாளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவர வேண்டிய நடுவழியில்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் பேச வேண்டும். பசியோடு இருக்கும் பிள்ளையிடம் படிப்பைப் பற்றிப் பேசுவது பாவம். 1982 முதல் சத்துணவு, 2022 முதல் காலை உணவு என்று இந்த மாநிலம் பெருமைப்படத்தக்க ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. பள்ளி மூடிய அன்று அந்த இரண்டு வேளையும் சேர்ந்தே மூடிக்கொள்கின்றன. முகாமுக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு கிடைக்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும் வேலை நின்றுபோன குடும்பங்கள் முகாமுக்கு வருவதில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளை எந்தக் கணக்கும் பிடிப்பதில்லை. கொரோனா காலத்தில் சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்குக் கொடுத்தீர்கள். முடிந்த காரியம்தானே அது. வெள்ளத்துக்கு ஏன் முடியாது?

சனிக்கிழமை ஈடுகட்டுவதைப் பற்றி: கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் என்றும், ஆறு முதல் எட்டுக்கு 220 என்றும் சொல்கிறது. அந்த எண்ணைச் சரிக்கட்ட வேண்டிய நெருக்கடி உங்களுக்கு இருப்பது புரிகிறது. ஆனால் வெள்ளம் வடிந்த ஊரில் சனிக்கிழமை என்பது தாய் வீட்டைக் கழுவும் நாள், பெரிய பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ளும் நாள். எங்கள் பள்ளியில் அந்தச் சனிக்கிழமைகளில் வருகை பாதிக்கும் கீழே இருந்தது. வந்த பிள்ளைகளுக்கும் விட்ட பாடத்தை வேகவேகமாக ஓட்டினார்கள். அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது, அது நல்ல முடிவு. ஆனால் புத்தகம் இழந்தவனுக்கும் இழக்காதவனுக்கும் ஒரே வினாத்தாள்தான் வந்தது.

இனிக் கேட்பவை. நிதி இல்லை என்று சொல்ல முடியாதவற்றை மட்டும் கேட்கிறேன்.

ஒவ்வொரு ஊரிலும் இல்லம் தேடிக் கல்வியில் பணியாற்றிய பெண்களின் பெயரையும் எண்ணையும் பேரிடர் முன்னேற்பாட்டுப் பட்டியலில் சேருங்கள். பள்ளி மூன்று நாட்களுக்கு மேல் மூடினால் அவர்கள் தெருவுக்கு ஒரு இடத்தில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைக்கும்படி ஆணை போடுங்கள். அந்த நாட்களுக்கு உரிய ஊதியத்தையும் அந்த ஆணையிலேயே குறிப்பிடுங்கள். சேவை என்று சொல்லிச் சும்மா வேலை வாங்க வேண்டாம்.

மழைக்கு முன்பே, ஆற்றோர ஊர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் புகாத பை ஒன்று கொடுங்கள், பாடப்புத்தகமும் சான்றிதழ்களும் வைக்க. அதற்குள் இரண்டு நோட்டு, பென்சில், வகுப்புக்கு ஏற்ற அச்சிட்ட செயல்தாள்கள் இருக்கட்டும். அந்தத் தாள்களில் எழுத்தறியாத பெரியவரும் செய்யக்கூடியவை பாதியாவது இருக்க வேண்டும்: கதை கேட்பது, விதை எண்ணுவது, அளப்பது, படம் பார்த்துப் பேசுவது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. அனுப்பியதைக் கற்பித்ததாகக் கணக்கில் எழுதுவதை நிறுத்துங்கள்.

முகாமாகும் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு வகுப்பறையையாவது பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். பாய், கரும்பலகை, நூலகப் புத்தகங்கள், பகலில் ஒரு பெரியவர். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது சிறப்புப் பயிற்றுநர்களுக்குத் தெரியும்; அந்தப் பயிற்றுநர்களை முகாமுக்கு அனுப்புங்கள். சென்ற முறை எங்கள் முகாமில் காது கேளாத சிறுவன் ஒருவன் என்ன நடக்கிறதென்றே தெரியாமல் மூலையில் சுருண்டு கிடந்தான். அவனிடம் கையசைத்துப் பேசத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை.

பேரிடர் விடுமுறை மூன்று நாட்களைத் தாண்டினால், முகாமில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் சத்துணவுக்கும் காலை உணவுக்கும் உரிய பொருட்களை ரேஷன் கடை வழியாகக் குடும்பங்களுக்குக் கொடுங்கள்.

பள்ளி திறந்த முதல் வாரம் பாடம் நடத்துவதும் தேர்வு வைப்பதும் வேண்டாம். யார் வரவில்லை என்று பார்த்து, அந்த வீட்டுக்கு ஆசிரியரும் மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து போகட்டும். பதின்ம வயதுப் பெண் பிள்ளைகளின் வீட்டுக்கு முதலில் போகட்டும். ஈடுகட்டும் வகுப்புகளை எந்த நாளில், எந்த நேரத்தில் வைப்பது என்பதை ஊர்ப் பெற்றோரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்று சட்டம் சொல்கிறது. வெள்ளம் வந்தபோது பிள்ளைகளோடு இருந்தவர்கள் அந்தப் பெண்கள்தான். அடுத்த முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் "கல்வி" என்று தனிப் பொருளாக ஒன்றைச் சேர்த்து, அதில் பேச அவர்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்க முடியாது, ஏன் முடியாது என்று பருவமழை தொடங்குவதற்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள். எங்கள் குழுவின் அடுத்த மாதக் கூட்டத்தில் அதைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தென்பெண்ணைக் கரையிலிருந்து
ஒரு தாய், இல்லம் தேடிக் கல்வியின் முன்னாள் தன்னார்வலர்